அட்டனா, கோத்தகிரியா: கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது?

கேள்வி: நான் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள். வயது 26, தனியார் பள்ளியில் ஆசிரியை. தாத்தாவும் அப்பாயியும் 1974இல் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். அப்பாயியின் அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகன்வழிப் பேரனுக்கும் எனக்கும் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். முறைப்பையன்தான், எங்கள் இருவருக்கும் சம்மதம். அவர் அங்கே ஒரு ஃபேக்டரியில் அசிஸ்டன்ட் டீ மேக்கர், வீட்டுக்கு ஒரே மகன். "அவனை இங்கே வரச் சொல்" என்கிறார் அப்பா. "அங்கே மட்டும் போகாதே" என்கிறார் அப்பாயி. நாங்கள் எந்த நாட்டில் குடியிருப்பது? யார் குடியுரிமையை மாற்றிக்கொள்வது?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு இருவரில் யாரும் குடியுரிமையை மாற்றிக்கொள்ள வேண்டாம். வேறு நாட்டின் குடியுரிமையை நீங்களாக விரும்பிப் பெற்ற அன்றே உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இலங்கை தன் குடிமக்களுக்கு இரட்டைக் குடியுரிமை தர வழி வைத்திருக்கிறது. ஆனால் இந்தியா அதை ஏற்பதில்லை. அதனால் உங்கள் இருவரையும் பொறுத்தவரை அந்த வழி இல்லாதது மாதிரிதான்.

எங்கே குடியிருப்பது என்பது தனிக் கேள்வி. உங்கள் வீட்டில் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. அப்பாயி காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிக் கொடுத்தார்களோ அந்த நாட்டில்தான் இருந்தாக வேண்டும். இன்று அப்படி இல்லை. அவர் இலங்கைக் குடிமகனாகவே இருந்துகொண்டு கோத்தகிரியில் ஆயுள் முழுக்க வாழலாம். நீங்கள் இந்தியக் குடிமகளாகவே இருந்துகொண்டு அட்டனில் குடித்தனம் நடத்தலாம். இந்த வசதி நம் பெரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

அப்பாயி ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கு இரண்டு அரசாங்கங்கள் போட்டது. ஆனால் எந்தப் பக்கம் மனுக் கொடுப்பது என்பதை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று மனுப் போட்டார்கள். உங்கள் அப்பாயியும் அவர் அண்ணனும் பிரிந்தது இப்படித்தான் இருக்கும். பக்கத்துக் காம்பராவில் யார் என்ன சொன்னார்கள், கங்காணி என்ன சொன்னார், ஊரிலிருந்து வந்த கடுதாசியில் என்ன இருந்தது, இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்த தகவல்.

1974இல் வந்தவர் என்றால் அவர் மனதில் இருக்கிற இலங்கை 1973, 1974 பஞ்சத்து இலங்கை. மாவு ரேஷன் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த வருடங்கள் அவை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. அவர் கிளம்பிய பிறகு 1977 கலவரமும் 1983 கலவரமும் மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை. இதெல்லாம் உறவுக்காரர்கள் வாயிலாக அவர் காதுக்கு வந்திருக்கும். அந்த நாட்டை நினைத்தால் ஒரு பெண் பிள்ளையை அனுப்ப மனசு வராதுதான்.

ஆனால் வந்த இடமும் லேசாக இல்லை என்பதை அப்பாயியே உங்களுக்குச் சொல்லியிருப்பார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, அங்கிருந்து ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சேமலாப நிதியையும் (பி.எஃப். பணம்) சேமிப்பையும் கொண்டுவர விட்டார்கள் என்றாலும், பலருக்கு அது சிறு தொகைதான். சமவெளியில் சின்ன வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து பறித்த கைக்குக் கடை நடத்தத் தெரியவில்லை. சொந்த ஊர் என்று போன இடத்தில் பங்காளிகள் ஏற்கவில்லை. அதனால் குளிரும் தேயிலையும் தெரிந்த இடம் என்று கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என மலை ஏறினார்கள். கொடைக்கானல் பக்கம் போனவர்களில் சிலர் மரம் வெட்டும் கான்ட்ராக்டர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கினார்கள். அரசின் டான்டீ தோட்டங்கள் 1968இல் தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். நாலரை லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்தார்கள். ஊட்டி ரோட்டில் பஸ் ஸ்டாண்டு ஓரம் காய்கறி விற்கிற அம்மாவிலிருந்து கலெக்டர் ஆபீஸ் கிளார்க் வரை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள்.

இன்றைய இலங்கைக்கு வருவோம். அங்கே தங்கியவர்களுக்கு 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களால் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை வாக்குரிமை உள்ள முழுக் குடிமகன். 1987இல் தமிழும் ஆட்சிமொழி ஆனது. அட்டன் கடைவீதியில் தமிழிலேயே எல்லாக் காரியமும் நடக்கும். ஆனால் கண்டியில் கோர்ட்டுக்கோ, கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, போலீஸ் ஸ்டேஷனுக்கோ போக நேர்ந்தால் சிங்களம் தெரியாமல் சிரமப்படுவீர்கள். மாறாதது நிலம். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் பழைய லயத்தில்தான் இருக்கின்றன. தனி வீடு கிடைத்தவர்களில் பலருக்கு 7 பேர்ச் நிலம் கொடுத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது நாலே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்திய உதவியில் கட்டிய வீடுகளும் அதில் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் லயத்தில் இருக்கிறார்களா, தனி வீட்டில் இருக்கிறார்களா, தனி வீடு என்றால் உறுதி, அதாவது பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை.

2022இல் அங்கே பணம் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. அதற்கு முந்தைய வருடம் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் தேயிலையே அடி வாங்கியிருந்தது. அப்புறம் நிலைமை தேறியது. ஆனால் 2025 நவம்பரில் வந்த டிட்வா புயலில் மலையகத்தில் சரிவுகள் பெயர்ந்து நிறையப் பேர் இறந்துபோனார்கள். நம் மலையிலும் 2009இல் அப்படி நடந்தது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் ஒரு நாடு மேல், ஒரு நாடு கீழ் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் இருவர் வேலையைப் பார்க்கலாம். என் கணக்கில் முடிவு இதில்தான் இருக்கிறது.

நீங்கள் அங்கே போனால் மனைவி என்ற முறையில் குடியிருப்பு விசா கிடைக்கும். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டும். தனியார் பள்ளியோ டியூஷனோ என்றால், உங்கள் விசாவில் வேலை பார்க்க அனுமதி உண்டா என்று குடிவரவுத் திணைக்களத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று வேலையில் சேராதீர்கள்.

அவர் இங்கே வந்தால்? இந்தியக் குடிமகளின் கணவர் என்று நுழைவு விசா கிடைக்கும். அதில் தங்கலாம், வேலை பார்க்க முடியாது. 180 நாளுக்கு மேல் தங்குகிற வெளிநாட்டவர் பதிவு செய்தாக வேண்டும். நம் மாவட்டத்துக்கு அந்தப் பொறுப்பு ஊட்டி எஸ்.பி. அலுவலகத்தில். இலங்கைத் தமிழர் என்றால் தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சும் வந்து விசாரிப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பேப்பர் சரியாக இருந்தால் போதும். ஆனால் 28, 30 வயது ஆண், கைத்தொழில் தெரிந்தவர், மாமனார் வீட்டில் வேலையில்லாமல் விசா புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு நாள் தாங்கும்? நல்ல சம்பந்தங்கள் இதில் கசந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை. பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை, ஆயுள் முழுக்கச் செல்லும் விசா. அது இருந்தால் போலீஸ் பதிவு வேண்டாம், தனியார் வேலையில் சேரலாம், தொழில் நடத்தலாம். ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடையாது. இன்னொரு தடை நம் மலைக்காரர்களுக்கு முக்கியமானது: ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்ட நிலமோ விலைக்கு வாங்க முடியாது. கோத்தகிரியில் மனை என்று பேசி விற்கிற எத்தனையோ இடம் ஆவணத்தில் தேயிலை நிலமாகத்தான் இருக்கும். ஆகவே நாளைக்கு இடம் வாங்கினால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், அதுவும் பட்டாவைப் பார்த்த பிறகு. கூடலூர் பக்கம் சல்லிசாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால் அங்கே ஜென்மி நிலம் (பழைய ஜமீன் மாதிரியான நிலம்), 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்று பல வருட வழக்கு ஓடுவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டா இல்லாமல், கரண்ட் இணைப்புக்கு அலைகிற குடும்பங்கள் அங்கே ஏராளம்.

ஓ.சி.ஐ.க்கு அவருக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று உங்கள் வழி. கல்யாணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு வருடம் நீடித்திருந்தால் மனு போடலாம். அந்த இரண்டு வருடமும் இந்தியாவில்தான் வாழ்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் கல்யாணம் முறிந்தால் அட்டையும் போய்விடும். இன்னொன்று அவருடைய சொந்த வழி. இந்திய வம்சாவளியில் கொள்ளுப்பேரன் வரைக்கும் உரிமை உண்டு. இதற்குக் காலக்கெடு கிடையாது, கல்யாணத்தையும் சார்ந்தது இல்லை. சிக்கல் ஆதாரத்தில்தான். கொள்ளுத்தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட அட்டனில் இருக்கிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இங்கேதான் உங்கள் அப்பாயி உதவ முடியும். அவருடைய அப்பாதான் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா. அப்பாயி இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டபோது, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் எங்கே பிறந்தவர்கள் என்று காட்டித்தான் வாங்கியிருப்பார். அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை மூன்றையும் தேடி எடுங்கள். அவற்றில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது, சொந்த ஊர், தாலுகா என்ன என்று பாருங்கள். அந்த ஊர் தெரிந்துவிட்டால் தாலுகா ஆபீசில் பழைய நிலப் பதிவேடு, ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு என்று அடுத்த ஆதாரங்களைத் தேட முடியும். அப்பாயியும் அவர் அண்ணனும் கூடப் பிறந்தவர்கள் என்று காட்ட இருவர் பிறப்புச் சான்றும் இலங்கையில் எடுக்கலாம். அங்கே தோட்டத்துப் பிறப்புகளும் பதிவாகியிருப்பது உண்டு. எழுத்துப்பிழைதான் உயிரை வாங்கும். ஒரு காகிதத்தில் முத்தையா, ஒன்றில் முத்தய்யா, ஒன்றில் முத்து என்று இருக்கும். இங்கே இனிஷியல், அங்கே முழுப் பெயர். எல்லாம் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் போட்டு, கூடவே வேறு ஆதாரமும் வைத்தால் ஏற்க வாய்ப்பு உண்டு. கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. தேடிப் பார்க்கிற உழைப்புக்குத் தகுந்த விஷயம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சரி, என் யோசனை இது. அப்பாயியின் காகிதங்களில் வழி கிடைத்தால் மாப்பிள்ளை வேலையை விடாமலே கொழும்பில் உள்ள இந்திய ஹைகமிஷனில் மனு போடட்டும். அட்டை கைக்கு வந்த பிறகு இங்கே வேலை பார்த்து வைத்துவிட்டு வரட்டும். காகிதம் கிடைக்காவிட்டால், கல்யாணத்தை முறையாகப் பதிந்துகொண்டு, முதல் இரண்டு வருடம் நீங்கள் அட்டன் போய் இருங்கள். சம்பளம் வருகிற வீடு அதுதான். மாமனார் மாமியாரோடு இருந்து பழகவும் வாய்ப்பு. இரண்டு வருடம் முடிந்ததும் உங்கள் வழியில் ஓ.சி.ஐ. வாங்கிக்கொண்டு, அப்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்காமல் போகலாம். உங்கள் பள்ளி வேலை அந்த இரண்டு வருடம் நின்றுபோவது உண்மையான நஷ்டம். மாப்பிள்ளை அதை உணர்ந்திருக்கிறாரா என்று அவரிடமே பேசுங்கள்.

நீண்ட காலத்துக்கு எது என்று என்னைக் கேட்டால் கோத்தகிரி என்பேன். பிள்ளைகள் படிப்புதான் காரணம். இலங்கையில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம், தரமும் நல்லது. ஆனால் இடம் மிகக் குறைவு. நம் பிளஸ் டூ மாதிரியான ஏ.எல். பாஸ் செய்த பிள்ளைகளில் பலருக்கு இடம் கிடைப்பதில்லை. இங்கே மேட்டுப்பாளையம் இறங்கினால் கோவை, எத்தனை கல்லூரி, எத்தனை வேலை. உங்களுக்கும் தொழில் தொடரும். ஆனால் அவர் தொழில் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை. கொழுந்தை வாட்டி, ரோலரில் சுருட்டி, கையில் அள்ளி முகர்ந்து பதம் பார்க்கிற வேலை. இங்கே சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்குகிற ஃபேக்டரிகளில் அதிகமும் கொழுந்தை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குகிற சி.டி.சி. மெஷின். பதம், வேகம் எல்லாம் வேறு. ஆர்த்தடாக்ஸ் செய்கிற ஃபேக்டரிகளும் நீலகிரியில் உண்டு, அங்கே அவர் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கும். வருவதற்கு முன்பே அவற்றில் நேரில் விசாரியுங்கள். டான்டீயை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். 2022இலேயே அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்துவிட்டது.

என் கணக்கை மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. அவர் ஒரே மகன் என்கிறீர்கள். அவருடைய பெற்றோருக்கு வயதாகி, உடம்பு முடியாமல், பார்க்க வேறு ஆள் இல்லை என்றால் கோத்தகிரி என்று நான் சொன்னதை ஒதுக்கிவிடுங்கள். வயதானவர்களை ஆயுள் முழுக்க இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்வது விசா விஷயத்தில் லேசு இல்லை. அவர்களுக்கும் தோட்டத்தை விட்டு வர மனம் இருக்காது. அப்படி ஒரு நிலை என்றால் அட்டனிலேயே இருங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து 2023இல் மறுபடி தொடங்கிய கப்பல் காங்கேசன்துறைக்குப் போவது. அங்கிருந்து அட்டன் ரொம்ப தூரம், உங்களுக்கு அது உதவாது.

இரண்டு விஷயம் மட்டும் எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. விசா முடிந்த பிறகு ஒரு நாள்கூட அவர் இங்கே தங்கக் கூடாது. படகில் வருவது என்ற பேச்சே வேண்டாம். அப்படித் தங்கினாலும் வந்தாலும் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. அதற்கப்புறம் பதிவு மூலமான குடியுரிமைக்கும் வழி அடைபடும், பிறக்கிற குழந்தையின் உரிமையிலும் சிக்கல் வரும். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். அதில் இருப்பது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான், இலங்கை இல்லை.

கல்யாணத்தை எங்கே பதிவது என்பதற்கு: கோவிலில் தாலி கட்டிய போட்டோ போதாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னால் எல்லா அலுவலகத்திலும் கேள்வியில்லாமல் ஏற்பார்கள். இருவரில் ஒருவர் இந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அது உங்களால் சரியாகிறது. அதன் பிறகு 30 நாள் அறிவிப்புக் காலம். அவர் திருமணமாகாதவர் என்ற சான்றை இலங்கையில் வாங்கி, அங்கத்திய வெளிவிவகார அமைச்சின் சான்றொப்பத்தோடு கொண்டுவர வேண்டும். விசா நாள்களை இந்தக் கணக்குக்குத் தகுந்தபடி கேளுங்கள்.

குழந்தை இங்கே பிறந்து, அப்போது அவர் முறையான விசாவிலோ ஓ.சி.ஐ.யிலோ இருந்தால், தாய் இந்தியர் என்பதால் பிறப்பிலேயே இந்தியக் குடியுரிமை. அங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்திய ஹைகமிஷனில் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று அப்போது எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதனால் அதற்கு முன் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிடாதீர்கள். பிறப்புச் சான்றில் இருவர் பெயரும் அவரவர் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே சரிபார்த்துவிடுங்கள்.